அடைப்புக்குறிக்குள் இருந்த உத்தியோகம்

அன்பு மகனுக்கு,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய கல்யாண அழைப்பிதழ் மாதிரியைப் பார்த்துவிட்டேன். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகப் பார்த்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் கண்டியில் ஒரு காணிப் பதிவுக் கந்தோரில் உட்கார்ந்து ஊரார் எழுதிய பத்திரங்களில் பிழை பிடித்தவன் நான். அந்தப் பழக்கம் லேசில் போகாது. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. உன் பெயர், நிலூகாவின் பெயர், முகூர்த்த நேரம், ஹோட்டலின் பெயர் எல்லாம் சரி. ஆனால் மூன்றாவது வரியில் ஒரு பொய் இருக்கிறது. "காலஞ்சென்ற சின்னையா (இளைப்பாறிய புகையிரத லிகிதர், கம்பளை) அவர்களின் பேரனும்" என்று போட்டிருக்கிறாய். யாரும் கேட்காமலே, நீ நினைவில் வைத்திராத தாத்தாவுக்கு அடைப்புக்குறிக்குள் ஒரு மரியாதை வைத்திருக்கிறாய். நல்ல பிள்ளை நீ. அந்தப் பொய் உன்னுடையதல்ல, நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது. உன் தாத்தா ஒரு நாளும் புகையிரதத் திணைக்களத்தில் எழுத்து வேலையோ வேறு வேலையோ செய்யவில்லை. ரயிலில் போய்வந்தார், அவ்வளவுதான்.

அவர் சினிமா நடிகர். இந்த மூன்று சொல்லை எழுத எனக்கு எழுபது வயதாக வேண்டியிருந்தது. அவர் முகத்தை நீ பார்த்திருக்கிறாய். போன மாதம் கலகெதரவில் நிலூகா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உன் மாமனார் ஆகப்போகிறவர், நாங்கள் கூச்சப்படாமல் இருக்கட்டும் என்று, ஒரு பழைய கறுப்பு வெள்ளைச் சிங்களப் படத்தில் வரும் தோட்டத்துத் தமிழன் மாதிரி பேசிக் காட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? "நம்ம தன்னே நாய், மாத்தையா!" என்று கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு சொன்னார். சின்ன வயதில் கூடப்பிறந்தவர்களோடு சேர்ந்து நாள் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்ததாகச் சொன்னார். "யார் அங்கிள் அந்த நடிகர்?" என்று நீ கேட்டாய். அவர் கைபேசியில் தேடி எடுத்து உன் கையில் கொடுத்தார். நீ பார்த்தாய். சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, "அப்பா, இங்க பாருங்களேன்" என்று என்னிடம் நீட்டினாய். நானும் பார்த்தேன். நானும் சிரித்தேன், மகனே. உன் அம்மா எழுந்து கை கழுவப் போய்விட்டாள். அந்தச் சின்னத் திரையில் தலைப்பாகையோடு கைகட்டி நின்ற ஆள்தான் சின்னையா. என்னைப் பெற்றவர்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் முழுவதையும் படித்துவிட்டுக் கோபப்படு, ஏனென்றால் இதுவரை சொன்னது கால்வாசிகூட இல்லை.

தாத்தா தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பதினாறு பதினேழு வயதில் கம்பளைக்கு வந்து ஒரு துணிக்கடையில் நின்றார். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் சிங்களவர். அவர்களோடு பேசிப் பேசியே சிங்களம் கற்றுக்கொண்டார். சும்மா வியாபாரச் சிங்களம் இல்லை. பௌத்த பிக்கு ஒருவர் கடைக்கு வந்தால் அவருக்கு உரிய மரியாதைச் சொல்லில் பேசுவார், கிராமத்துக் கிழவி வந்தால் அவளுடைய பேச்சில் பேசுவார். கண்டிப் பக்கத்துச் சிங்களத்துக்கும் கீழ்நாட்டுச் சிங்களத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பேசிக் காட்டினால் சிங்களவர்களே வாயைப் பிளப்பார்கள். கொழும்பிலிருந்து படம் எடுக்க வந்த கூட்டம் ஒன்று கம்பளையில் தங்கியிருந்தபோது யாரோ இவரைக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினார்கள். கொடுத்த வசனத்தை இவர் அழகான சிங்களத்தில் சொன்னார். இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டாராம். "ஐயோ, இப்படிச் சொன்னால் யார் சிரிப்பார்கள்? தமிழன் மாதிரிப் பேசு" என்றாராம். தமிழனிடம் தமிழன் மாதிரிப் பேசச் சொன்ன கதையை அப்பா வாழ்நாள் முழுவதும் சொல்லிச் சிரிப்பார். எனக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை.

அதன்பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அவருக்கு ஒரே வேலை, நன்றாகத் தெரிந்த மொழியைப் பிழையாகப் பேசுவது. தோட்டத் தொழிலாளி, காவற்காரன், வட்டிக்குக் கொடுக்கிறவன், தேத்தண்ணிக் கடைக்காரன், எந்த வேடமானாலும் இரண்டு காட்சி, மிஞ்சினால் மூன்று. கதாநாயகன் அடிக்க வேண்டும் அல்லது கதாநாயகி சிரிக்க வேண்டும், அதற்கு இவர். படத்தில் எழுத்துகள் ஓடும்போது அவர் பெயர் கடைசியில் வரும், அதுவும் பிழையாக வரும். ஆனால் அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தெல்தோட்டை பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றுகொண்டு, கடைக்காரனிடம் தோட்டத்து ஆட்கள் சிங்களம் பேசுவதைக் காதைத் தீட்டிக் கேட்பார். எந்த எழுத்தில் நாக்குத் தடுக்குகிறது, எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார்கள் என்று பார்ப்பார். வீட்டில் கண்ணாடி முன் நின்று திரும்பத் திரும்பச் சொல்லுவார். "சரியாப் பேசறதுக்கு ஒரு படிப்புன்னா, பிழையாப் பேசறதுக்கு ரெண்டு படிப்பு வேணும்ப்பா" என்பார். என் அம்மா, "இந்தக் கூத்துக்கு ஒரு படிப்பு வேறயா" என்று அடுப்படியிலிருந்து சொல்லுவாள்.

அந்தப் பிரசித்தமான வசனத்தின் கதையைச் சொல்ல வேண்டும். "எனக்குத் தெரியாது ஐயா" என்பதைச் சிங்களத்தில் "மம தன்னே நே, மஹத்தயா" என்று சொல்ல வேண்டும், அது உனக்கும் தெரியும். அப்பா "மம" என்பதை "நம்ம" ஆக்கினார். "நே" என்பதை இழுத்து "நாய்" ஆக்கினார். தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. அதற்குப் பிறகு எந்தப் படத்துக்குக் கூப்பிட்டாலும் அந்த நாயையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் "நாய் மாத்தையா மகன்". சிங்களப் பிள்ளைகள் அவருடைய உச்சரிப்புக்குச் சிரித்தார்கள், தமிழ்ப் பிள்ளைகள் நாய்க்குச் சிரித்தார்கள். இரண்டு பக்கமும் இடி வாங்கிய மத்தளம் நான். பன்னிரண்டு வயதில் ஒரு நாள் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்து, இனிமேல் நடிக்கப் போகக்கூடாது என்று அப்பாவிடம் சொன்னேன்.

அவர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஏதோ புதையல் இருக்கும் இடத்தைச் சொல்லுகிறவர்போலக் குரலைத் தாழ்த்தினார். "டேய், நீ தமிழன்தானே? நான் என்ன சொல்றேன்னு நல்லாக் காது குடுத்துக் கேளு. தோட்டத்துத் தொரை வேஷம் போட்டவன் சாட்டையத் தூக்கிட்டு நிக்கிறான். நான் அவன் மூஞ்சிக்கு நேரா நாய்ங்கிறேன். அவனுக்குத் தெரியாது, டைரக்டருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்ல?" என்று கண்ணைச் சிமிட்டினார். அந்தச் சொல்லை நாக்குத் தடுக்கி அவர் சொல்லவில்லை, தேடி எடுத்து வைத்திருந்தார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? சிரித்திருக்க வேண்டும். கட்டிப்பிடித்திருக்க வேண்டும். நான், "அவங்க தொரையப் பார்த்துச் சிரிக்கல, ஒங்களப் பார்த்துத்தான் சிரிக்கிறாங்க" என்றேன். அவர் எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அதற்கு ஐந்தாறு வருஷம் கழித்து அவருக்கு ஒரு நல்ல வேடம் கிடைத்தது. அப்போது நான் கண்டியில் அறை எடுத்துத் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். படம் கண்டிக்கு வந்த அன்று கம்பளையிலிருந்து புறப்பட்டு வந்து, தியேட்டர் வாசலில் இரண்டு டிக்கட்டோடு எனக்காக நின்றார். முதல் நாள் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டிருந்தார். "இந்தப் படத்தில நான் வாயே தொறக்க மாட்டேன், வந்து பாரு" என்று. அந்தச் சொல்லின் அர்த்தம் அன்றைக்கே எனக்குப் புரிந்தது. நான் எதற்கு வெட்கப்படுகிறேன் என்று தெரிந்து, அது இல்லாத ஒரு வேடத்தை எனக்குக் காட்ட வந்திருக்கிறார். நான் கூட்டாளிகளோடு எதிர்ப்பக்க நடைபாதையில் வந்தேன். அவர் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். "அங்க ஒருத்தர் ஒன்னக் கூப்பிடுறார்டா" என்றான் ஒருவன். "வேற யாரையோ கூப்பிடுறார்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். தூக்கிய கையை அவர் மெல்ல இறக்கித் தலையைச் சொறிந்துகொண்டார், உண்மையிலேயே வேறு யாரையோ கூப்பிட்டவர் மாதிரி. அந்தப் படத்தின் பிரதி இப்போது எங்கும் இல்லையாம். விசாரித்துவிட்டேன். பேசாமல் நடித்த அப்பாவை நான் பார்க்கவே இல்லை.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு ஒரு புத்தி சொல்லுகிறேன், கேட்டுக்கொள். பெண் வீட்டார் கேட்கும் முதல் கேள்விக்கு உண்மையைச் சொல்லிவிடு. அம்மாவும் நானும் ஒரே கந்தோரில் வேலை செய்து விரும்பியவர்கள் என்று உனக்குத் தெரியும். அவள் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அதிபர் வீட்டுப் பெண். அவளுடைய மாமா ஒருவர் பேசிப் பார்க்கக் கண்டிக்கு வந்தார். "தம்பியின்ர தகப்பனார் என்ன உத்தியோகம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் வாயில் வந்தது, "ரயில்வேயில லிகிதர்" என்பதுதான். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். நான் ஒரே ஒரு பொய் சொல்லிக் கல்யாணத்தைச் செய்தேன், மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதையும் அதற்குப் பிறகு சொல்ல வேண்டியிருந்தது. அப்போது என் அம்மா உயிரோடு இல்லை. அப்பாவிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டார். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்து கம்பளை ஸ்டேஷனில் போய் உட்கார்ந்து, அங்கே வேலை செய்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கல்யாண வீட்டில் பெண்வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து ரயில் தாமதத்தைப் பற்றியும் மேலதிகாரிகளின் கெடுபிடியைப் பற்றியும் குறைபட்டுக்கொண்டார். அவர்கள் சிங்களப் படம் பார்க்காதவர்கள், யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. "பாவம், மனுசன் உத்தியோகத்தில நல்லாக் கஷ்டப்பட்டிருக்கிறார்" என்று உன் அம்மாவின் மாமா என்னிடமே சொன்னார்.

அம்மாவுக்கு ஒரு வருஷத்தில் தெரிந்துவிட்டது. தொலைக்காட்சியில் பழைய படம் ஓடியது, மாமனார் தலைப்பாகையோடு வந்து நின்றார். அவள் என்னை ஏமாற்றுக்காரன் என்று சொன்னாள், தன்னை ஏமாற்றியதற்காக இல்லை. "நடிக்கிறது என்ன களவே? ஏன் மனுசனை ஒளிக்கிறியள்?" என்று கேட்டாள். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு காலம் சரியில்லை, தமிழன் என்று நாலு பேருக்குத் தெரிந்த முகம் ஆபத்து என்று காரணம் சொன்னேன். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்துக்கு முன்பே நான் ஒளித்துவிட்டேன். பயம் பின்னால் வந்து எனக்கு உதவி செய்தது.

இப்போது நான் சொல்லவந்த இடத்துக்கு வந்துவிட்டேன். இவ்வளவு நேரம் சுற்றியதே அதைத் தள்ளிப்போடத்தான்.

உனக்கு ஐந்தாவது பிறந்தநாள். வீட்டில் முதல்முறையாக என் மேலதிகாரியையும் அவர் மனைவியையும் கூப்பிட்டிருந்தேன், கந்தோர் ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் சிங்களவர். எனக்கு ஒரு பதவி உயர்வு அவர் கையில் இருந்தது. மாலை நாலு மணி இருக்கும். வாசல் கேற்றடியில் அப்பா நிற்கிறார். நான் அவருக்குச் சொல்லவில்லை, அவராகவே நாளை நினைவில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட காற்சட்டை, பாலிஷ் போட்ட சப்பாத்து, கையில் உனக்கு ஒரு பொதி. எழுபது வயதிலும் நிமிர்ந்து நின்றார். நான் ஓடிப்போய், "அப்பா, உள்ள பெரியவங்க இருக்காங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "சரிப்பா. நான் யாரு? அத மட்டும் சொல்லு" என்றார்.

திரும்பிப் போகச் சொல்லியிருக்கலாம். அதுகூட இதைவிட மேல். என் மேலதிகாரி வாசலுக்கு வந்துகொண்டிருந்தார். "ஊர்லருந்து வந்த ஒரு ஆள்" என்றேன். "என்ன ஆளு? கடை ஆளா, தோட்டத்து ஆளா?" என்று அப்பா கேட்டார், மகனே. வேடத்தைச் சரியாகக் கேட்டுக்கொண்டார். "தோட்டத்து ஆள்" என்றேன். நான் வாயை மூடுவதற்குள் அவர் சப்பாத்தைக் கழற்றி மதிலோரம் தள்ளிவிட்டார். சட்டையை வெளியே இழுத்துவிட்டார், பையிலிருந்த கைலேஞ்சியை எடுத்து உதறித் தோளில் போட்டார். முதுகு தானாக வளைந்தது. நிமிர்ந்து வந்த மனிதர் என் கண் முன்னாலேயே ஒரு சாண் குள்ளமானார்.

மேலதிகாரி நல்ல மனிதர்தான். உள்ளே வரச் சொன்னார். அப்பா வாசற்படியைத் தாண்டவில்லை. உட்காரக் கதிரையைக் காட்டினார்கள், கும்பிட்டுவிட்டு நின்றுகொண்டார். அவர் யார் என்று தெரியாமலே நீ ஓடிவந்து பொதியை வாங்கினாய். அவர் உன் தலையைத் தொடக் கையை எடுத்தார், பிறகு தோட்டத்து ஆள் அப்படிச் செய்யமாட்டான் என்று நினைத்தாரோ என்னவோ, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். உன் அம்மா அடுப்படியிலிருந்து நல்ல பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவள் எல்லார் முன்னாலும் "மாமா" என்று கூப்பிட்டுவிடுவாள் என்று நான் செத்துக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து மெதுவாக அவளிடம், "இந்தக் கோப்ப வேணாம்மா, வேஷத்துக்கு ஒத்து வராது. கிளாஸ்ல குடு" என்றார். இதை அன்று இரவே அவள் எனக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

மேலதிகாரி விளையாட்டாக அவரிடம் சிங்களத்தில் கேட்டார். என்னைக் காட்டி, "எப்படி, இந்த ஐயா நல்லவரா? ஊர் ஆட்களைக் கவனிக்கிறாரா?" என்று. அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணை என் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. "நம்ம தன்னே..." என்று தொடங்கி, ஒரு மூச்சு நிறுத்தி, "நாய்" என்று சொல்லி, இன்னும் ஒரு மூச்சு நிறுத்தி, "மாத்தையா" என்று முடித்தார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அந்தப் படத்தில் வருகிறவன் மாதிரியே இருக்கிறான்!" என்றார் மேலதிகாரியின் மனைவி. மேலதிகாரி கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாயல் இருக்கிறது, ஆனால் அவன் அளவுக்கு வராது" என்றார்.

கேற்றுவரை கூடப்போனேன். சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டார், போட்டுக்கொள்ளவில்லை. "என்னையா அப்பா சொன்னீங்க?" என்று கேட்டேன். "இல்லப்பா, அது வசனம்" என்றார். பஸ் நிற்கும் இடம்வரை வெறுங்காலோடு, அதே வளைந்த முதுகோடு நடந்துபோனார். வாசலில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் வேடத்தைக் கலைக்கவில்லை. அவருடைய சிறந்த நடிப்பை நான்தான் இயக்கினேன் என்று சொன்னால் உனக்கு அருவருப்பாக இருக்கும். எனக்கு அப்படித்தான் இருக்கிறது. பதவி உயர்வு வந்தது, நீ வளர்ந்த அந்தப் பெரிய வீட்டுக்கு நாம் குடிபோனோம்.

அடுத்த வருஷம் அவர் கம்பளையில் காலமானார். உனக்கு அப்போது ஆறு வயது, உன்னைக் கூட்டிப்போகவில்லை. இறப்பைப் பதியப் போனபோது பதிவாளர் இறந்தவரின் தொழில் என்ன என்று கேட்டார். அறையில் அவரையும் என்னையும் தவிர யாரும் இல்லை, யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. "துணிக்கடைச் சிப்பந்தி" என்றேன். செத்த பிறகும் அவரை மேடையிலிருந்து இறக்கிவிட்டேன். சாட்சிக்கு ஒரு கையெழுத்தும் போட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகக் கலகெதரவுக்குப் போனேன். உனக்குச் சொல்லவில்லை. உன் மாமனாரை வீட்டுத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னேன். பிழையில்லாத சிங்களத்தில்தான், அதுவும் அப்பாவிடம் கற்றது. அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "நான் உங்கள் முன்னாலேயே அப்படிப் பேசிக் காட்டினேனே" என்றார். "நான் வேலை செய்த தபால் கந்தோரில் இருந்த தமிழ்ப் பையன்களிடமும் அப்படித்தான் பேசுவேன். அவர்களும் சிரிப்பார்கள்" என்றார். நாய் என்றால் என்ன என்று கேட்டார், சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்படியானால் அறுபது வருஷமாக நானும் அவரோடு சேர்ந்து துரையைத் திட்டியிருக்கிறேன், தெரியாமலே" என்றார். பெரிய மனிதர், அப்படி எடுத்துக்கொண்டார். நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். உடனே அவர், "மகனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "மகனுக்கு முன்னால் என்னிடமா சொன்னீர்கள்?" என்றார். வெளியாளிடம் சொல்வது சுலபம், உன்னிடம் சொல்லத்தான் எனக்கு வெட்கம். அதனால்தான் இப்போதும் நேரில் சொல்லாமல் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். "நீங்களே எழுதுங்கோ, நான் ஒரு சொல்லும் சொல்லித்தர மாட்டன்" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

உனக்கு நாளைக்குப் பிள்ளைகள் பிறக்கும். தமிழும் சிங்களமும் பேசுவார்கள், இரண்டு பக்கத்திலும் அவர்களை யார் பிள்ளை என்று கேட்பார்கள். ஒரு நாள் அந்தப் பிள்ளை உன்னைப் பார்த்து வெட்கப்படலாம். அடிக்காதே, புத்தி சொல்லாதே. ஆனால் அந்த வெட்கத்துக்கு ஏற்ற மாதிரி நீ குனிந்து கொடுக்காதே. என் அப்பா அவ்வளவு அன்பாகக் குனிந்தார், அதனால் நான் நிமிர வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. அவர் கேற்றடியில் ஒரு தரம், "முடியாதுடா, நான் ஒன் அப்பன்" என்று சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன், மனிதனாகவும் ஆகியிருப்பேன். பார், இதிலும் பழியைக் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளுகிறேன். அந்தப் புத்தி போகவில்லை.

அழைப்பிதழில் மூன்று மொழியிலும் அடைப்புக்குறிக்குள் இருப்பதை வெட்டிவிட்டுத் "திரைப்பட நடிகர்" என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அச்சகத்துக்கு அதைக் கொடு. நிலூகாவிடம் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு. அவளுக்கு விளங்காத இடத்தை நீ சிங்களத்தில் சொல்லு, எனக்காக எதையும் மெழுகிச் சொல்லாதே.

இன்னும் ஒன்று இருக்கிறது. கல்யாணத்தன்று உன் மாமனாரின் தம்பிமார் வழக்கம்போல அந்த வசனத்தைச் சொல்லச் சொல்லி அவரிடம் கேட்பார்களாம், சொல்லமாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்தார். சொல்லட்டும் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். அவர் சொல்லி எல்லாரும் சிரித்து முடித்ததும் நான் ஒலிவாங்கியை வாங்கி, அந்த நடிகர் யார், எனக்கு என்ன உறவு என்று சொல்லப்போகிறேன். முன்னூறு பேர் இருப்பார்கள். என் பழைய மேலதிகாரிக்கும் அழைப்பு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். என்னை எனக்குத் தெரியும், அந்த நேரத்தில் இந்த வாய் பழக்கதோஷத்தில் "ரயில்வே" என்று சொன்னாலும் சொல்லும். சொன்னால் நீ மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கிறோமே என்று பார்க்காதே. எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அப்பா பொய் சொல்றார்" என்று சொல்லு.

உன் அப்பா